ஒன்பதாம் எண்ணுக்கு எத்தனை ஃபவுல்?

கூடைப்பந்து ஆட்டம் நடக்கும்போது அந்தப் பயிற்சியாளர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டுதான் நிற்பார். மற்றக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் கோட்டோரமாக ஓடுவார்கள், கத்துவார்கள், தொடையில் அறைந்துகொள்வார்கள். இவர் பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல நிற்பார். புதிதாகச் சேர்ந்த மாணவிகள் அதை அலட்சியம் என்று நினைத்தார்கள். எதிரணிக்காரர்கள் திமிர் என்றார்கள். உண்மையில் அந்தக் கைகள் வேலை செய்துகொண்டிருந்தன.

ஆட்டம் தொடங்கும்போது அவருடைய இடது பையில் ஐந்து பட்டன்கள் இருக்கும். இடிப்பது, தள்ளுவது, கையில் அடிப்பது போன்ற விதிமீறல்களுக்கு நடுவர் ஃபவுல் கொடுப்பார். ஒரே ஆட்டக்காரிக்கு ஐந்து ஃபவுல் சேர்ந்துவிட்டால் அவள் வெளியேற வேண்டும். திரும்பி வர முடியாது. அணியில் யார் அதிகம் மோதுவாளோ அவளை மட்டும் இவர் கண்காணிப்பார். அவளுக்கு ஒரு ஃபவுல் விழுந்தால் இடது பையிலிருந்து ஒரு பட்டன் வலது பைக்குப் போகும். வலது பையில் நான்கு தட்டுப்பட்டால் அவளைக் கொஞ்ச நேரம் உட்கார வைப்பார்.

"ஒரு தாள்ல குறிச்சுக்கலாமே சார்?" என்று ஒருமுறை உடற்கல்வித் துறைத் தலைவர் கேட்டார்.

"குறிக்கக் குனிஞ்சா மூணு செகண்டு போயிடும் சார். மூணு செகண்டுல ஒரு கூடை விழுந்துடும்."

பட்டன்கள் அவர் மனைவியின் தையல் கடையிலிருந்து வந்தவை. வீட்டின் முன்னறையில் இரண்டு இயந்திரங்கள் போட்டு அவர் நடத்திய கடை அது. கோட்டுக்குத் தைக்கும் தடித்த கறுப்புப் பட்டன்கள். விரலுக்குச் சட்டென்று பிடிபடும். மாணவிகள் அவருக்கு 'பட்டன் சார்' என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

அவர் பயிற்சியாளர் ஆனதே ஒரு தற்செயல். அந்தக் கல்லூரியில் அவருக்கு முதலில் கிடைத்தது வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை. சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குவதும் அமில பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவதும் அவர் பொறுப்பு. மூன்றாவது ஆண்டின் நடுவில் பெண்கள் அணியின் பயிற்சியாளர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். காலையில் ஆறு மணிக்கு முன் மைதானத்துக்கு வரக்கூடியவர் யார் என்று முதல்வர் கேட்டார். பக்கத்துத் தெருவில் குடியிருந்தவர் இவர் ஒருவர்தான்.

ஆடத் தெரியுமா என்றால், சுமாராகத் தெரியும். படித்த காலத்தில் மூன்று ஆண்டுகள் கல்லூரி அணியில் இருந்தார். மூன்று ஆண்டுகளும் மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். களத்தில் இறங்கிய நேரத்தை எல்லாம் கூட்டினால் அரை மணி தேறாது. ஆனால் உள்ளே ஓடிக்கொண்டிருப்பவனைவிட வெளியே உட்கார்ந்திருப்பவனுக்கு ஆட்டம் அதிகம் தெரியுமா என்ற கேள்வியைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. பந்து யாரிடம் இருக்கிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். பந்து இல்லாத மற்ற நால்வர் என்ன செய்கிறார்கள் என்பதை அவர் அந்த மூன்று ஆண்டுகளில் பார்த்துப் பழகியிருந்தார்.

அவருடைய பயிற்சியும் அங்கிருந்துதான் தொடங்கும். முதல் இரண்டு வாரங்களுக்குப் பந்து கிடையாது. முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, கால்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் பக்கவாட்டில் நகர வேண்டும். சிமென்ட் தரையில் விரிசல் விட்ட இடங்களைத் தாண்டித் தாண்டி நகர வேண்டும்.

"சார், நாங்க கூடைப்பந்துக்குத்தானே பேர் குடுத்தோம்? நண்டு மாதிரி நடக்க வெக்கறீங்க."

"நண்டைத் தாண்டி யாராவது போயிருக்காங்களா?"

"நண்டுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது சார்."

இப்படி வாயாடியவர்கள்கூட மூன்றாவது வாரத்தில் பந்து கைக்கு வந்தபோது தங்கள் கால்கள் தாமாகவே சரியான இடத்துக்குப் போவதைப் பார்த்துத் திகைத்தார்கள்.

முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவருடைய அணி மூன்று முறை கோப்பை வாங்கியது. பதினொரு முறை முதல் சுற்றிலேயே தோற்றது. பெரிய பயிற்சியாளர் என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் கொடுக்காது. ஆனாலும் அந்த ஊரின் கல்லூரிகளில் அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் காரணம் அவர் வென்ற ஆட்டம் எதுவும் அல்ல. தோற்ற ஓர் ஆட்டம்.

அது அவருடைய பதினோராம் ஆண்டு. அந்த அணியில் ஒன்பதாம் எண் சட்டை போட்டிருந்தவள் மூன்றாமாண்டு மாணவி. உயரமானவள், கூடைக்கு அடியில் நின்று பந்தைப் பிடுங்குவதில் கெட்டிக்காரி. பிடுங்கும் அவசரத்தில் ஃபவுலும் வாங்குவாள். எனவே பட்டன்கள் எல்லாம் அவளுக்காகத்தான்.

கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியின் இறுதி ஆட்டம். பார்வையாளர் வரிசையில் தேசிய அணிக்கு ஆள் பார்க்கும் தேர்வுக்குழுவினர் மூன்று பேர் இருந்தார்கள். ஒன்பதாம் எண்ணின் அப்பாவும் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மகளின் ஆட்டத்தை அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. நான்கு நிமிடம் மீதி இருக்கும்போது இவர்கள் மூன்று புள்ளி முன்னே இருந்தார்கள். அப்போது ஒன்பதாம் எண்ணுக்கு ஒரு ஃபவுல் விழுந்தது. பயிற்சியாளர் பட்டனை மாற்றினார். வலது பையில் விரல்களால் தடவினார். ஐந்து.

மேசையில் ஸ்கோர் ஷீட் எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு வங்கி ஊழியர். ஆர்வத்துக்காக வந்து எழுதுகிறவர். அவர் எதுவும் சொல்லவில்லை. ஆட்டம் தொடரப் போகிறது. பயிற்சியாளர் மேசைக்குப் போனார்.

"ஒன்பதாம் நம்பருக்கு அஞ்சு ஆயிடுச்சு."

எழுதுகிறவர் தாளைப் பார்த்தார். "நாலுதானே சார் இருக்கு?"

"ஒண்ணு விட்டுட்டீங்க. அஞ்சு."

"சார், அது உங்க டீம் பொண்ணு."

"தெரியும்."

நடுவர் வந்தார். பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தில், தன் ஆட்டக்காரியை வெளியே அனுப்பச் சொல்லி மேசைக்கு வந்த பயிற்சியாளரை அவர் பார்த்ததே இல்லை. காலையிலிருந்து நான்கு ஆட்டம் எழுதிக் களைத்திருந்த வங்கி ஊழியருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "அவரே சொல்றார்னா அப்புறம் என்ன," என்றார் நடுவர். தாளில் ஐந்தாவது குறி ஏறியது.

"நாலுதான் சார்," என்றாள் ஒன்பதாம் எண். "நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன். நாலுதான்."

"உக்காரும்மா."

"சார், சத்தியமா நாலு."

"எல்லாரும் ஒண்ணு கம்மியாத்தான் சொல்லுவீங்க. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அணி ஒரு புள்ளியில் தோற்றது. எதிரணியின் பயிற்சியாளர் ஓடிவந்து இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டியது கோப்பை வாங்கிய அணிக்கா, இவருக்கா என்று தெரியாத அளவுக்கு இருந்தது.

திரும்பும் பேருந்தில் பாதி வழியில், அவர் இடது கையைப் பைக்குள் விட்டார். உள்ளே ஒரு பட்டன் இருந்தது.

ஐந்தும் வலது பக்கம் போயிருந்தால் இடது பை காலியாக இருக்க வேண்டும். வலது பையில் இருந்தவற்றை வெளியே எடுத்தார். நான்கு தடித்த கறுப்புப் பட்டன்கள். ஐந்தாவது கொஞ்சம் சிறியது, பழுப்பு நிறம். அன்று காலை சட்டையின் கைப்பட்டையிலிருந்து அறுந்து விழுந்ததை அவரேதான் எடுத்து வலது பையில் போட்டிருந்தார்.

இந்த இடத்தில் நின்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மேசைக்குப் போய் அவர் சொன்னது பொய்யா? தனக்கு உண்மை என்று பட்டதை, தனக்கு நஷ்டம் என்று தெரிந்தே சொன்னார். அதைப் பொய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் சொன்னது நடக்காத ஒன்று. நடந்ததைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவள் சொன்னதைவிடத் தன் விரல்கள் சொன்னதை அவர் நம்பினார். தவறு எண்ணிக்கையில் இல்லை என்றுதான் தோன்றுகிறது. எண்ணிக்கை யாருக்கும் பிசகும்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார். மனைவி சட்டைக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"காலையிலயே குடுத்திருந்தா தெச்சுக் குடுத்திருப்பேன்ல. சரி, நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

மறுநாள் காலை நாளிதழில் அவருடைய படம் வந்திருந்தது. தோல்வியைத் தேர்ந்தெடுத்த நேர்மையாளர் என்று தலைப்பு. கல்லூரி முதல்வர் எல்லா வகுப்புகளுக்கும் வந்து அதைப் படித்துக் காட்டினார். இன்று வேண்டாம், கொஞ்சம் அடங்கட்டும் என்று பயிற்சியாளர் நினைத்தார். அது அடங்கவில்லை. அடுத்த வாரம் பாராட்டுக் கூட்டம். அதற்குள் ஒன்பதாம் எண்ணுக்கு ஆண்டுப் பரீட்சை வந்துவிட்டது. பிறகு அவள் படிப்பு முடித்துப் போய்விட்டாள். தோழிகள் அவளுக்கு 'நாலு' என்று ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கேன்டீனில் அவள் இரண்டு டீ சொன்னால்கூட, "ரெண்டா, மூணா? நல்லா எண்ணிச் சொல்லு," என்பார்கள். கேலிதான். அவளும் சிரித்துவைத்தாள்.

இதற்குப் பிறகு பயிற்சியாளரிடம் ஒரு மாற்றம் வந்தது. காரணம் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. பட்டன் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டார். ஆட்டத்தின் நடுவே ஆட்டக்காரியைக் கூப்பிட்டு, "உனக்கு எத்தனை?" என்று கேட்பார். அவள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு பெண்கூடத் தப்பாகச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். கவனிக்கக் கவனிக்க அவருக்குச் சங்கடம் கூடியது. வரப்போகிற எல்லோரிடமும் திருந்தி நடப்பது சுலபம். யாரிடம் தவறினோமோ அவரிடம் போய் நிற்பதுதான் கஷ்டம்.

ஓய்வு பெறப் பத்து நாள் இருக்கும்போது அவருக்கு முழங்கால் வீங்கியது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். அறைக்குள் நுழைந்தபோது, இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தவள் சீட்டைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்தாள்.

"வாங்க சார். என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. ஒன்பதாம் எண். நாற்பத்திரண்டு வயது, கண்ணாடி, அதே உயரம்.

"நண்டு நடை நடந்து எங்க முட்டியெல்லாம் போச்சுன்னு நினைச்சேன். உங்களுக்கும் போயிடுச்சா? படுங்க. பேன்ட்ட முட்டிக்கு மேல மடிச்சுக்கங்க. பையில ஏதாவது இருக்கா? சாவி, காசு, பட்டன்?"

"பட்டன் இப்ப வெச்சுக்கறதில்லம்மா."

"அப்படியா? ஏன் சார்?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் அவர் காலை நேராக்கி வைத்துக்கொண்டே பேசினாள். விடை கொடுக்கும் விழாவில் பேச முதல்வர் தன்னைக் கூப்பிட்டிருப்பதாகவும், அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் பேசச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். "நேத்துதான் எழுதி முடிச்சேன். என் தப்பால தோத்தோம், சாரோட நேர்மையால ஜெயிச்சோம்னு முடிச்சிருக்கேன். கொஞ்சம் ஓவரா இருக்கோ?"

"நாலுதாம்மா," என்றார் அவர்.

"என்ன சார்?"

"அன்னிக்கு உனக்கு நாலுதான். நீ சொன்னதுதான் சரி." பிறகு பழுப்புப் பட்டனைப் பற்றிச் சொன்னார். சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போனாள். "அசையாதீங்க," என்று குரல் மட்டும் வந்தது. இயந்திரம் ஒருமுறை சத்தம் போட்டது. அவள் திரும்பி வந்தாள்.

"எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?"

"அன்னிக்கே. பஸ்ல."

"நான் எங்க உக்காந்திருந்தேன்?"

"எனக்கு ரெண்டு வரிசை முன்னால."

"ரெண்டு வரிசை," என்றாள். அவர் காலைப் பக்கவாட்டில் திருப்பி, அடியில் ஒரு தலையணை வைத்தாள். "தேர்வுக்குழு என்னை எடுத்திருப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியாது சார். அத நான் எப்பவோ விட்டுட்டேன். எங்கப்பா அன்னிக்கு காலேஜ் வாசல்ல காத்திருந்து என்னைக் கூட்டிட்டுப் போனார். வீட்டுக்குப் போற வழியெல்லாம் பேசல. வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னார். 'தோத்தது பரவால்ல, சத்தியம் பண்ணிப் பொய் சொன்னியே'ன்னார். அப்புறம் ஊரே உங்களப் புகழப் புகழ, எனக்கே தோணிடுச்சு, நான்தான் தப்பா எண்ணிட்டேனோன்னு. எத்தன வருஷம் அந்த ஃபவுல்கள திரும்பத் திரும்ப எண்ணிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் நாலுதான் வரும். வந்தாலும் நம்ப மாட்டேன்."

"அப்பாகிட்ட நானே வந்து..."

"அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு."

வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டினார். "ரெண்டு நிமிஷம்," என்று அவள் குரல் கொடுத்தாள். பிறகு இவரிடம், "மேடையில நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றாள்.

"நானே சொல்றேன்."

வீட்டில் மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார்.

"சொல்லிட்டீங்களா?"

"எப்படித் தெரியும்?"

"முட்டி வலிக்கு யாரும் இப்படி இருக்க மாட்டாங்க. இருபத்திரண்டு வருஷமா யாராவது உங்க நேர்மையப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே நான் தட்டுல இருக்கற பிஸ்கட்ட எண்ணிட்டு உக்காந்திருப்பேன். மேடையிலயும் சொல்லிட்டா நானும் கொஞ்சம் நிமிந்து உக்காரலாம்."

விழா மாலை நான்கு மணிக்குத் தொடங்கியது. அரங்கின் பின்வரிசைகளில் பழைய ஆட்டக்காரிகள் முப்பது நாற்பது பேர், சிலர் குழந்தைகளோடு. முதலில் முதல்வர் பேசினார். அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் இல்லை. அவருக்கு முன் இருந்த முதல்வரிடம் கேட்டது. ஆண்டுக்கு ஆண்டு சொல்லிச் சொல்லிக் கதை வளர்ந்திருந்தது. இப்போது அதில் நான்கு நிமிடம் நான்கு நொடியாகியிருந்தது. ஒன்பதாம் எண் அழுது காலில் விழுந்திருந்தாள்.

பயிற்சியாளர் எழுந்தார். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தார். "சார் சொன்னதுல ஒரு திருத்தம்," என்று தொடங்கி, சட்டைப் பட்டன் பைக்குள் போனதையும், அவள் நாலு என்று சொன்னதையும், தான் கேட்காததையும், அன்றே தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்ததையும் வரிசையாகச் சொன்னார்.

அரங்கில் கைதட்டல் வெடித்தது. முதல்வர் கண்கலங்கி மைக்கை வாங்கினார். "பாருங்க. இத்தன வருஷத்துக்கு அப்புறம் இத ஒத்துக்க எவ்வளவு பெரிய மனசு வேணும். இதுதான் நேர்மை." கைதட்டல் இன்னும் உரத்தது.

பயிற்சியாளர் திகைத்துப்போனார். ஒரு தவறைச் சொல்லி அதற்கும் பாராட்டு வாங்குவது எப்படி நடந்தது என்று அவருக்குப் புரியவில்லை. கீழே முதல் வரிசையில் மனைவி கைதட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் முதல்வரின் கையிலிருந்து மைக்கைத் திரும்ப எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க. நான் ஒத்துக்கிட்டது இங்க விஷயமே இல்ல. அவ உண்மை சொன்னா. அந்த ஒண்ணத்தான் சொல்ல வந்தேன். அவளப் பேசச் சொல்லுங்க."

அவள் மேடைக்கு வந்தாள். கையிலிருந்த தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

"முன்னாடி எழுதி வெச்சிருந்தத இனிமே படிக்க முடியாது," என்றாள். "சார் எனக்கு ஆடக் கத்துக்குடுத்தார். நல்லாத்தான் கத்துக்குடுத்தார், அதுல குறையில்ல. பந்து இல்லாதவங்களையும் பாக்கணும்னு தினமும் சொல்லுவார். பாத்தார், கேக்கல." பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். "இப்ப மேடைக்கு வரும்போது ஒருத்தி கேட்டா, சார மன்னிச்சிட்டியான்னு. தெரியல. பத்து நாள்தான் ஆகுது. எங்கப்பா இருந்திருந்தா இன்னிக்குக் கூட்டிட்டு வந்து முன்னால உக்கார வெச்சிருப்பேன். அவ்வளவுதான்."

அவள் இறங்கிப் போனாள். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பயிற்சியாளர் மட்டும் தலையாட்டினார். அன்று அவரைப் பற்றிப் பேசப்பட்டவற்றில் அவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

விழா முடிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் அவளைத் தேடி வெளியே வந்தார். மைதானத்துப் படிக்கட்டில் அவள் செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடையில சொல்லாம விட்டது ஏதாவது இருக்காம்மா?"

"நிறைய இருக்கு சார்."

"சொல்லு."

"நேரமாகும்."

"ஆகட்டும்."

அவர் வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு மெதுவாக அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். மனைவி மாலையையும் பரிசுப் பையையும் சுமந்துகொண்டு வந்து பார்த்தார். கூப்பிடாமல் திரும்பிப் போய் அரங்க வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பேச்சு காதில் விழாது. அவள் கைகளை விரித்து ஏதோ சொல்வதும், நிறுத்துவதும், மறுபடி தொடங்குவதும் தெரிந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் தன் கணவர் வாயைத் திறந்தது இரண்டே தடவை என்று பிற்பாடு அவர் சொன்னார். இரண்டு தடவையும் பேசியது கேள்வி கேட்பதற்காக இருக்க வேண்டும். ஏனென்றால் உடனே அவள் இன்னும் அதிக நேரம் பேசினாள்.